தட்டு ஏன் நெளிகிறது? மெல்லிய தகட்டின் ஒரு சிறு வரலாறு

பேக்கரி அடுப்பிலோ வீட்டு மின் அவனிலோ பிஸ்கட் தட்டை வைத்துக் கதவை மூடிய சில நிமிடங்களில், உள்ளேயிருந்து 'டங்' என்று ஓர் ஓசை எழுவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். திறந்து பார்த்தால் தட்டின் ஒரு மூலை மேலெழும்பியிருக்கும்; கேக் மாவு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். வெளியே எடுத்து ஆற வைத்தால் மீண்டும் ஒரு 'டங்'. தட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சில தட்டுகள் திரும்புவதே இல்லை. 'மட்டமான தட்டு' என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

அந்த ஓசையை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியுமா என்பதே இப்பதிவின் கேள்வி. முடியும் என்பது என் கருத்து. தட்டையாகவும் மெல்லியதாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் உலோகப் பாத்திரம் இந்தியச் சமையலுக்கு மிகப் புதியது. அது எங்கிருந்து வந்தது, எவர் உழைப்பில் வந்தது, அதன் குறையை எவர் எவ்வாறு சரிசெய்தனர் என்று பின்தொடர்ந்தால், தொழில்நுட்ப வரலாற்றை நாம் எழுதிவரும் முறையின் ஒரு குறையும் கூடவே தெரியவருகிறது.

1. முதலில் இயற்பியல்

உலோகம் சூடானால் விரியும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் விரிவு மட்டுமே தட்டை நெளியச் செய்வதில்லை. 40 செ.மீ. நீளமுள்ள எஃகுத் தட்டு 200 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும், அலுமினியத் தட்டு ஏறக்குறைய 1.8 மி.மீ. நீளும். தட்டு முழுவதும் ஒரே அளவில் சூடேறி, எதுவும் அதைத் தடுக்காதிருந்தால், அது சற்றே பெரிதான அதே தட்டு; அவ்வளவுதான்.

ஒரு பகுதி மற்றொன்றை முந்திக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தட்டின் நடுப்பகுதி விளிம்பைவிட 100 பாகை கூடுதலாகச் சூடேறியிருப்பதாகக் கொள்வோம். எஃகில் அந்த நடுப்பகுதி 40 செ.மீ. நீளத்துக்கு 0.48 மி.மீ. கூடுதல் இடம் தேடும். குளிர்ந்த விளிம்பு அதைப் பக்கவாட்டில் விரியவிடாது. மிஞ்சியிருப்பது மேலும் கீழுந்தான். இரு முனைகளும் அசையாமல் பிடிக்கப்பட்ட ஒரு மெல்லிய பட்டையைக் கற்பனை செய்து கணக்கிட்டால், 0.48 மி.மீ. மிகை நீளம் நடுவில் ஏறக்குறைய 8.5 மி.மீ. உயரமுள்ள வளைவாகும். உண்மையான தட்டில் விளிம்பும் சற்று நீண்டு கொடுப்பதால் எழுச்சி இதைவிடக் குறையும். எனினும் கணக்கின் உட்பொருள் மாறாது: கண்ணுக்குத் தெரியாத மிகை நீளம், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நெளிவாகிறது.

நடுப்பகுதி முந்தினால் தட்டு குமிழ்போல் புடைக்கும். மெல்லிய விளிம்பு முந்தினால் தட்டு குதிரைச் சேணம்போல் முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர் மூலைகள் இரண்டு மேலெழ, மற்ற இரண்டு கீழிறங்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உறைந்த உணவைச் சூடான தட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

புடைத்த தகட்டுக்கு இரண்டு நிலையான வடிவங்கள் உண்டு: ஒன்று மேல்நோக்கியது, மற்றொன்று கீழ்நோக்கியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது படிப்படியாக நகர்வதில்லை. ஓர் எல்லைவரை தாங்கிக்கொண்டு, எல்லை கடந்ததும் ஒரே கணத்தில் தாவுகிறது. 'டங்' என்பது அந்தத் தாவலின் ஓசை.

இதில் தடிமனின் பங்கு மிகப் பெரிது. ஒரு தட்டு நெளியத் தொடங்குவதற்குத் தேவையான வெப்ப வேறுபாடு, அதன் தடிமனின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதே அகலமும் அதே உலோகமும் கொண்ட இரண்டு தட்டுகளில் ஒன்று அரை மி.மீ., மற்றொன்று 5 மி.மீ. என்றால், தடித்த தட்டு நூறு மடங்கு வெப்ப வேறுபாட்டைத் தாங்கும். நடைமுறையில் அது நெளியவே நெளியாது என்று பொருள். தகட்டைத் தயாரிக்கும்போதே அதனுள் பதுங்கிவிடும் தகைவுகள் மற்றொரு காரணம். உருளைகளுக்கிடையே நசுக்கப்பட்டு, பின்னர் அச்சில் அழுத்தித் தட்டாக்கப்பட்ட உலோகம் ஒரு சமநிலையில் இறுகி நிற்கிறது. சூட்டில் அச்சமநிலை கலையும்போது, சில தட்டுகள் முதல் நாளே நிரந்தரமாகக் கோணிவிடுகின்றன.

2. தடித்தது அல்லது வளைந்தது

இந்தக் கணக்கை மனத்தில் கொண்டு இந்தியச் சமையற் கருவிகளைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். தோசைக்கல் தட்டையானது, ஆனால் தடித்தது. அது நெளிவதில்லை. கொதிக்கும் கல்லின்மேல் குளிர்நீரை ஒரேயடியாகக் கொட்டினால் விரிசல் விடக்கூடும். வார்ப்பிரும்புக்கு வாய்த்த ஆபத்து அது. வட இந்தியச் சப்பாத்தித் தவா தோசைக்கல்லைவிட மெல்லியது. ஆனால் தட்டையானதன்று, சற்றுக் குழிந்தது. குழிந்த தகடு சூடேறினால் தன் குழிவைச் சிறிது ஆழமாக்கிக்கொள்கிறது. எந்தப் பக்கம் வளைவது என்ற கேள்விக்கு விடை செய்யும்போதே தரப்பட்டுவிட்டதால், அதற்குத் தாவ வேண்டிய தேவையில்லை. வாணலி, கடாய், உருளி அனைத்தும் இவ்விரு வகைகளுள் அடங்கும்: தடித்தவை, அல்லது வளைந்தவை, அல்லது இரண்டும்.

ரொட்டி சுடும் மரபுகளுக்கோ பெரும்பாலும் தட்டே தேவைப்படவில்லை. தந்தூரில் மாவு நேரே மண்சுவரில் ஒட்டப்படுகிறது. கோவாவின் 'பொதேர்' எனப்படும் ரொட்டிக்காரர்கள், போர்ச்சுகீசியர் வழிவந்த விறகடுப்பின் சூடேறிய தளத்தின்மேலேயே ரொட்டியை இட்டு, நீண்ட மரத்துடுப்பால் எடுப்பது வழக்கம். அங்கே அடுப்பின் தளமே தட்டு; அது கல்லாலும் செங்கல்லாலும் ஆனது.

நான்கட்டாய் மரபு இன்னும் நுட்பமானது. வட இந்தியத் தெருவண்டிகளில் இதை இன்றும் காணலாம்: கீழே கனல், அதன்மேல் இரும்புத் தட்டு, மேலே ஒரு மூடி, அம்மூடியின் மேலும் கனல். பிரியாணிக்குத் தம் போடுவதும் இதே முறையில்தான். கீழிருந்து மட்டும் சூடேறும் தகட்டின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட மிகுதியாக விரிய முயலும். இருபுறமும் கனல் இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வு குறைகிறது. உணவு இருபுறமும் வேக வேண்டும் என்பதே நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும் அந்த ஏற்பாடு தகட்டையும் காக்கிறது.

ஆகவே 'நம் முன்னோர் மெல்லிய தகட்டை அறியாதவர்' என்பதும் பிழை. 'நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தனர்' என்பதும் பிழை. மெல்லிய தட்டைத் தகட்டை நெருப்பின்மேல் வைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்படவில்லை. அக்கட்டாயம் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட சந்தையின் வழியே வந்தது.

3. தகரத்தின் வழித்தடம்

தமிழில் 'தகரம்' என்ற சொல்லின் பொருள் விரிவைக் கவனியுங்கள். அகராதியில் அது ஓர் உலோகத் தனிமத்தின் பெயர். பேச்சுவழக்கில் 'தகர டப்பா', 'தகரக் கொட்டகை' என்னும்போது நாம் குறிப்பது மெல்லிய இரும்புத் தகட்டை. டப்பாவில் அந்தத் தனிமம் வெறும் மேற்பூச்சு. கொட்டகைக் கூரையில் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சுதான். இந்தியிலும் 'டீன்' என்ற ஆங்கிலக் கடன்சொல் இதே வேலையைச் செய்கிறது. பூச்சின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது.

இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசும் தொழில் ஐரோப்பாவில் நெடுங்காலம் பொகிமியா, சாக்சனி பகுதிகளின் தனிச்சொத்தாக இருந்தது. அங்கே நீராற்றலால் இயங்கும் சம்மட்டிகள் இரும்பை அடித்துத் தகடாக்கின. 1660களில் ஆண்ட்ரூ யாரன்டன் என்ற ஆங்கிலேயர் இத்தொழிலை அறிந்துவரச் சாக்சனிக்குச் சென்றார். அதே நூற்றாண்டின் இறுதியில் தென் வேல்சின் பான்டிபூலில் ஜான் ஹான்பரியின் ஆலையில் இரும்பு உருளைகளுக்கிடையே தகடு உருட்டப்படலாயிற்று. சம்மட்டி அடித்த தகட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். உருளையில் வந்த தகடோ சீரானது, மெல்லியது, மலிவானது. இப்பதிவின் நாயகனான 'தட்டையும் மெல்லியதும்' உண்மையில் பிறந்தது இங்கேதான்.

19ஆம் நூற்றாண்டில் தென் வேல்ஸ் உலகின் தகரப் பட்டறையாயிற்று. லனெத்லி நகரத்துக்குத் 'தகரப் பட்டணம்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே ஏற்பட்டது. அமெரிக்கா அதன் மிகப் பெரிய வாடிக்கையாளர். 1890இன் மக்கின்லி சுங்கச் சட்டம் தகரத் தகட்டின் மீதான வரியை உயர்த்தியதும் வேல்ஸ் ஆலைகள் பெரும் நெருக்கடியில் விழுந்தன.

இந்தியச் சமையலறைக்குள் இத்தகடு நுழைந்த பெருவழி மண்ணெண்ணெய். ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு தகர டின்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 காலன், அதாவது 18 லிட்டர். எண்ணெய் தீர்ந்ததும் டின் தீர்வதில்லை. 'கேனிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல் இந்தியில் 'கனஸ்தர்' ஆகி, கோதுமை மாவு வைக்கும் கலத்தின் பெயராக நிலைத்தது. வெட்டி விரித்தால் அதே டின் கூரையாயிற்று, கதவாயிற்று, முறமாயிற்று, ரொட்டித் தட்டாயிற்று. வேறொரு பயனுக்காகச் செய்யப்பட்ட பொருளே நம் தட்டு வரலாற்றின் பெரும்பகுதிக்கு மூலப்பொருள்.

1920இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனமும் பர்மா ஆயில் நிறுவனமும் கூட்டாக ஜாம்ஷெட்பூரின் கோல்முரியில் இந்தியத் தகரத் தகட்டு நிறுவனத்தைத் தொடங்கியதன் பின்னணியும் மண்ணெண்ணெய் டின்தான். உற்பத்தி 1922இன் இறுதியில் தொடங்கியது. அக்கால முறை கடுமையானது. செந்தணலாகக் காய்ந்த எஃகுத் துண்டை உருளையில் இட்டு நீட்டி, மடித்து, மீண்டும் காய்ச்சி, மீண்டும் உருட்டி, மறுபடி மடித்து, பல அடுக்குகளாக ஒன்றாக நசுக்குவர். பின்னர் அடுக்குகளைக் கையால் பிரித்தெடுப்பர். உலைக்கும் உருளைக்கும் இடையே இடுக்கியுடன் நின்ற தொழிலாளரின் உடலே அந்த ஆலையின் முக்கியமான இயந்திரம். 1929இல் அங்கே பல மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தத்தில் சுபாஷ் சந்திர போஸ் தொழிலாளர் பக்கம் நின்றார். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் தகட்டைத் தொடர்ந்து ஓடவிட்டே உருட்டும் பேராலைகள் இயங்கத் தொடங்கியிருந்தன. மடித்து உருட்டும் கைத்திறனின் காலம் உலகளவில் முடிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கோல்முரித் தொழிலாளர் அக்கைத்திறனைக் கற்றுத் தேர்ந்திருந்தனர்.

4. கம்பியும் மடிப்பும்

தகரத் தட்டுக்கு இரண்டு பலவீனங்கள். முதலாவது நெளிவு. இரண்டாவது பூச்சு. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். ரொட்டி சுடும் அடுப்பின் வெப்பம் அதற்கு மிக அருகில் நிற்பது. சில வேளை அதைத் தாண்டவும் செய்யும். மாவில் உள்ள ஈரம் தட்டைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும்வரை தீங்கில்லை. வெறுந்தட்டை அடுப்பில் மறந்தால் பூச்சு உருகித் திரளும். அடுப்புத் தட்டு என்பது தன் எல்லைக்கு மிக அருகிலேயே வாழும் பொருள்.

நெளிவுக்குத் தகரவேலைக்காரர்கள் கண்ட விடை எளிது. தட்டின் விளிம்பை ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டினர். பக்கங்களை மடித்து நிமிர்த்தினர். மூலைகளை வெட்டாமல் மடித்து வைத்தனர். அடியில் ஓரிரு வரிகளைப் புடைக்கத் தட்டினர். எதுவுமே தகட்டைத் தடிமனாக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தகட்டின் ஒரு பகுதியைத் தளத்திலிருந்து விலக்கி, வளைவதைக் கடினமாக்குகிறது. 1829இல் ஹென்றி ராபின்சன் பாமர் லண்டனில் நெளிதகட்டுக்குக் காப்புரிமை பெற்றதும் இதே கருத்துக்குத்தான்: நெளிவதைத் தடுக்க முடியாவிட்டால், முன்கூட்டியே நம் விருப்பப்படி நெளித்துவிடுவது. குழிந்த தவாவின் தத்துவமும் வேறன்று.

அலுமினியம் இக்கதைக்கு ஒரு திருப்பம். 1886இல் ஹாலும் ஹெரூவும் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறை அதை மலிவாக்கியது. 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 1903இல் அது இந்தியன் அலுமினியம் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விரிவை மட்டும் பார்த்தால் அலுமினியம் எஃகைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவது. மிகுதியாக நெளிய வேண்டும். ஆனால் அது வெப்பத்தைச் சாதாரண எஃகைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் விரைவாகக் கடத்துவதால், தட்டின் ஒரு பகுதி மற்றொன்றை முந்துவது குறைகிறது. துருப்பிடிக்காத எஃகின் நிலை நேர் எதிர்: நன்றாக விரியும், வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். பளபளக்கும் எஃகுத் தட்டுகள் பல அடுப்பில் ஓசையிடுவதன் காரணம் அவற்றின் விலையில் இல்லை. இந்த இரு பண்புகளின் சேர்க்கையில் இருக்கிறது.

5. பொறியாளர்கள் அதைக் கண்ட விதம்

நெளிவைக் கணிதம் முன்பே சந்தித்திருந்தது. 1744இல் ஆய்லர், அழுத்தப்படும் மெல்லிய தூண் எந்தச் சுமையில் வளையும் என்பதைக் கணக்கிட்டார். நெடுங்காலம் அது கணிதரின் சொத்தாகவே இருந்தது. கல்லும் மரமும் கொண்டு கட்டியவர்களுக்கு அத்தனை மெல்லிய உறுப்புகள் வாய்க்கவில்லை. 1845இல், வேல்சின் மெனாய் நீரிணையைக் கடக்க ராபர்ட் ஸ்டீபன்சன் திட்டமிட்ட குழாய்ப் பாலத்துக்காக வில்லியம் பேர்பேர்ன் இரும்புத் தகட்டுக் குழாய்களைச் சோதித்தபோது, அவை அறுந்து வீழ்வதற்கு முன் மேற்பக்கத் தகடு சுருக்கம் விழுந்து மடங்கியது. இரும்பின் வலிமை போதவில்லை என்பதன்று அச்சோதனை கண்டது; வடிவம் போதவில்லை என்பதே. மேல்தளத்தை அறைகளாகப் பிரித்து விறைப்பேற்றிக் கட்டிய பிரிட்டானியா பாலம் 1850இல் திறக்கப்பட்டது. தட்டைத் தகட்டின் நெளிவுக்கான கணிதத்தை பிரையன் 1891இல் வெளியிட்டார்.

இன்னொரு கிளையும் உண்டு. கடலில் தீர்க்கரேகையைக் கண்டறியக் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன், 18ஆம் நூற்றாண்டின் நடுவில், பித்தளையையும் எஃகையும் சேர்த்துத் தறைந்த ஒரு பட்டையைப் பயன்படுத்தினார். பித்தளை மிகுதியாக விரிவதால் சூட்டில் பட்டை வளையும். அந்த வளைவு கடிகாரத்தின் வெப்பப் பிழையைத் திருத்தியது. இத்தகைய ஈருலோகப் பட்டையின் வளைவைக் கணக்கிடும் முறையைத் திமோஷென்கோ 1925இல் வகுத்துத் தந்தார். சலவைப் பெட்டியிலும் பல மின் அவன்களிலும் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது இதே பட்டைதான். ஓர் அவனின் உள்ளே ஒரே நேரத்தில் இரண்டு உலோகங்கள் வளைந்துகொண்டிருக்கக்கூடும்: ஒன்றன் வளைவைக் கருவி என்கிறோம், மற்றொன்றன் வளைவைக் குறை என்கிறோம். இயற்கை இரண்டையும் பிரிப்பதில்லை. பிரிப்பது நம் தேவை.

6. சம்மட்டியும் சமூகவியலும்

சமூக அறிவியல் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். புடைத்த தகட்டை எவ்வாறு தட்டையாக்குவது? புடைப்பின்மேல் ஓங்கி அடிக்கலாம் என்று தோன்றும். அடித்தால் அவ்விடம் மேலும் மெலிந்து, மேலும் நீண்டு, புடைப்பு வேறிடத்தில் வேறு வடிவில் எழும். நடுவில் மிகை நீளம் இருப்பதே நோய். ஆகவே தேர்ந்த கம்மியர் புடைப்பைத் தொடாமல், சுற்றியுள்ள இறுகிய பகுதிகளை அளவறிந்து தட்டி நீளச் செய்வார். விளிம்பு தளர்ந்ததும் நடுப்பகுதி தானே படிந்துவிடும்.

ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1873இல் வெளியிட்ட சமூகவியல் அறிமுக நூலில் இதே பட்டறை அறிவை உவமையாக்கினார். ஓர் இரும்புத் தகட்டையே நேரடி அடியால் நிமிர்த்த முடியாதபோது, சமூகத்தைச் சட்டங்களால் எளிதில் நிமிர்த்திவிட முடியுமா என்பது அவர் வாதத்தின் சாரம். அரசின் தலையீட்டை எதிர்த்தோர் இவ்வகை உவமைகளை விரும்பினர். ஸ்பென்சரின் தாக்கம் இந்தியரிடமும் பரவியிருந்தது. சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் லண்டனில் தொடங்கிய 'இந்தியன் சோசியாலஜிஸ்ட்' இதழ் ஸ்பென்சரின் கூற்றுகளை முகப்பிலேயே தாங்கி வந்தது. அங்கே அவர் காலனி ஆட்சிக்கு எதிரான குரலுக்குத் துணையானார்.

ஆனால் உவமையை அதன் பட்டறைக்கே திருப்பி அனுப்பிப் பார்ப்போம். கம்மியர் சம்மட்டியைக் கீழே போட்டுவிடுவதில்லை. அவர் அடிக்கிறார், ஸ்பென்சரே ஒப்புக்கொள்வதுபோல், வேறிடத்தில், வேறு அளவில் அடிக்கிறார். புடைப்பின் காரணம் புடைப்பில் இல்லை, சுற்றியுள்ள இறுக்கத்தில் இருக்கிறது என்பதே அவரது அறிவு. இதைச் சமூகத்துக்குப் பொருத்தினால் 'தலையிடாதே' என்ற முடிவு மட்டும் கிடைப்பதில்லை. 'நோய் தெரியும் இடத்தை அல்ல, நோயை இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தைத் தளர்த்து' என்ற முடிவும் கிடைக்கிறது. கைவினைஞரின் அறிவைக் கோட்பாட்டாளர் கடன் வாங்கும்போது பாதியை மட்டும் வாங்கிக்கொள்வது புதிதன்று.

7. தர்மடத்துக் கொல்லர்

இந்திய பேக்கரி வரலாற்றில் மிகுதியாகச் சொல்லப்படும் கதை தலச்சேரியுடையது. பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாபு அங்கே ஒரு பிஸ்கட் தொழிலகம் தொடங்கினார். அஞ்சரக்கண்டியின் இலவங்கப்பட்டைத் தோட்டத்தைச் சேர்ந்த மர்டாக் பிரவுன் என்பவர் 1883இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் காட்டி, அதுபோல் செய்து தரக் கேட்டார். பாபு உள்ளூர் நறுமணப் பொருள்களையும், பிராந்திக்கு மாற்றாக உள்ளூர் மதுவையும் கொண்டு செய்து கொடுத்தார். இது அக்குடும்பத்தில் வழங்கிவரும் மரபு. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்றும் போற்றப்படுகிறது. அத்தோட்டத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தவர் பெயரும் மர்டாக் பிரவுன்தான். 1883இன் பிரவுன் அவர் வழிவந்தவராகவே இருக்க முடியும். 'முதல்' என்ற அடைமொழியையும் எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஐரோப்பியர் குடியிருப்புகள் அதற்கு வெகுமுன்பே இருந்தன.

ஆனால் அம்மரபில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் தகவல் வேறு. கேக் வார்ப்பதற்கான அச்சை, அருகிலுள்ள தர்மடத்தில் ஒரு கொல்லரிடம் சொல்லிச் செய்வித்தார் பாபு என்கிறது கதை. கேக் என்ற பண்டத்தை அதற்குமுன் சுட்டிராத ஓர் ஊரில், கேக் அச்சை அதற்குமுன் செய்திராத ஒருவர், இரும்பின் நடத்தையைப் பற்றித் தாம் அறிந்ததை மட்டும் வைத்து ஒரு கலம் செய்தார். எந்த அளவு தடிமன் வைப்பது, விளிம்பை எப்படி முடிப்பது, கனலின்மேல் வைத்தால் கோணாமல் இருக்க என்ன செய்வது என்ற கேள்விகள் அவர் முன் நின்றிருக்க வேண்டும். அவற்றுக்கு அவர் தம் கையால் விடை கண்டார். பாபுவின் பெயர் நிலைத்தது. பிரவுனின் பெயர் நிலைத்தது. கேக்கைச் சுவைத்த நாளும் நினைவில் நின்றது. கொல்லரின் பெயர் கதைக்குள் வரவில்லை.

தொழில்நுட்ப வரலாற்றை நாம் எழுதும் முறையின் குறை என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது இதைத்தான். காப்புரிமைகளுக்கும் ஆலைகளுக்கும் சட்டங்களுக்கும் ஆவணங்கள் உண்டு. ஹான்பரி, பாமர், பேர்பேர்ன் ஆகியோரை ஆண்டுகளுடன் எழுத முடிகிறது. விளிம்பில் கம்பி சுருட்டியவருக்கும், மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ரொட்டித் தட்டாக்கியவருக்கும், கோணிய தட்டைச் சுற்றித் தட்டி நிமிர்த்தியவருக்கும் ஆவணம் இல்லை. அவர்கள் செய்த பொருள்களும் மிஞ்சுவதில்லை. தேய்ந்த தட்டு பழைய இரும்புக் கடைக்குப் போய் மீண்டும் உருக்கப்படுகிறது. கோயிற் செம்புகளும் அரசர் வாள்களும் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. ரொட்டித் தட்டுக்கு அங்கே இடமில்லை. ஆவணம் இல்லாததை அறிவு இல்லாததாக எண்ணிவிடுவது வரலாற்றாய்வாளருக்கு எளிதில் நேரும் தவறு.

இந்நிலையில் நெளிவே ஒரு சான்று என்பது என் வாதம். எந்த ஆவணமும் இல்லாவிட்டாலும், ஒரு பழைய தட்டின் விளிம்பும் மடிப்பும் வரியும் அதைச் செய்தவர் எதை அஞ்சினார் என்பதைச் சொல்லும். சுருட்டிய கம்பி என்பது நெளிவைப் பற்றிய ஓர் எழுதப்படாத குறிப்பு. குழிந்த தவா இன்னொரு குறிப்பு. அடியில் தட்டிய வரி மூன்றாவது. அவற்றைப் படிக்க நாம் சிறிது இயற்பியலும், பட்டறையில் பேசப்படும் மொழியும் கற்க வேண்டியிருக்கும்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் பழைய பேக்கரிக்குச் செல்லும்போது, உரிமையாளரிடம் தொடங்கிய ஆண்டைக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அடுப்படியில் நிற்பவரிடம் தட்டுகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எது டின்னிலிருந்து வெட்டியது, எது வாங்கியது, கோணினால் எவர் நிமிர்த்துவார், எங்கே தட்டுவார், அவ்விளிம்புக்கும் அம்மடிப்புக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். தடிமனை அளந்து, வடிவத்தை வரைந்து, அவர் சொல்லும் சொல்லை அவர் சொல்லும் விதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, தட்டைச் செய்தவரின் பெயரையும்.